குழலுக்குள் வெளிச்சம் பார்க்கப் புளியங்குடிக்கு

புளியங்குடி எலுமிச்சைத் தோட்டங்களைப் பார்க்க வழி கேட்டுச் சிலர் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாதையில் என் கால் படாத கல் கிடையாது. ஆனாலும் எண்பத்து நான்காம் வருஷம் தை மாதம் போன பயணத்தைச் சொன்னால் வழியும் தெரியும், வேறொன்றும் தெரியும்.

நமக்கு சங்கரன்கோவில். அப்போது ஆறு விசைத்தறி வைத்திருந்தேன். (ஓடியது நாலு. ஆறு என்று சொல்லிப் பழகிவிட்டது.) படிப்பு ஒன்பதாவதோடு சரி. இருந்தாலும் துப்பாக்கி என்று பேச்சு வந்தால் என்னைக் கேட்காமல் பஜாரில் எவனும் வாய் திறக்க மாட்டான். என் தங்கை வீட்டுக்காரர் வேலுச்சாமிக்குப் புளியங்குடிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் தோட்டம். காட்டுப்பன்றியை விரட்ட லைசென்சுடன் ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். மழைக்குப் பிறகு துப்பாக்கியைத் தொடவில்லை, பன்றி எலுமிச்சைக் கன்றுகளைத் தோண்டிப் போடுகிறது, வெள்ளிக்கிழமை வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடப்போகிறேன், வாரும் என்று கார்டு எழுதியிருந்தார். சும்மா போவேனா? பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு போனேன். லீவில் வந்திருந்த மேலநீலிதநல்லூர் ஹவில்தார் செல்லையாதான் அந்தப் பட்டாளம்.

காலை ஏழு இருபதுக்கு பஸ். தூரம் பதினாறு, பதினேழு கிலோமீட்டர். டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய். ஏறியதும் ஆரம்பித்தேன்.

"செல்லையா, உங்க துப்பாக்கியில மருந்து வெடிச்ச காஸ் ஒரு தண்டைத் தள்ளும், தண்டு போயி தோட்டாவுக்குப் பின்னால கதவு மாதிரி இருக்கிற பின்கட்டைத் தள்ளும். அமெரிக்காக்காரன் துப்பாக்கியில தண்டு கிடையாது, காஸ் நேரா பின்கட்டுக்கே வரும். அதான் அவன் குழல் சீக்கிரம் அரிச்சுப் போவுது. நான் படிச்சிருக்கேன்லா."

படிக்கவில்லை. பஜாரில் யாரோ சொன்னது.

"அண்ணாச்சி, கதவைக் கம்பால தள்ளுனா கம்புல அழுக்கு. கையால தள்ளுனா கையில அழுக்கு. நிலைப்படி மாதிரி நிக்கிற குழலுக்கு என்ன வந்துச்சு?" என்றான் செல்லையா. "நேரா வந்தா கரி பின்கட்டுல படியும், கூடத் துடைக்கணும். அவ்வளவுதான். குழலு தேயறது சூட்டுல. விடாம சுட்டா ரெண்டும் தேயும். துடைக்காம போட்டா ரெண்டும் துருப்பிடிக்கும்."

கண்டக்டர் குறுக்கே வந்தார். "சண்டைக்குப் போறவுகளும் டிக்கெட் எடுக்கணும் வே."

எட்டு ஐந்துக்குப் புளியங்குடி. எலுமிச்சை மார்க்கெட்டுக்கு எதிரே நாலு இட்லி, ஒரு டீ. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் நடை. செருப்பு இல்லாமலே நடந்தேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அறுந்துவிட்டது என்பதுதான் நிஜம்.

நாங்கள் போனபோது வேலுச்சாமி களத்தில் நின்றிருந்தார். வெடிச்சத்தம் கேட்கும் ஆசையில் காலையிலேயே தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டிருந்தார். தங்கை காதைப் பொத்தத் தயாராக இருந்தாள்.

"இங்கன கொண்டாங்க மாமா" என்று செல்லையா துப்பாக்கியை வாங்கினான். குழலை மடித்து, தோட்டா வைக்கும் பக்கம் கண்ணை வைத்து, வானத்துக்கு நேரே பிடித்தான். ரொம்ப நேரம் பிடித்தான்.

"வெளிச்சம் வரலியே."

எங்கள் ஊரில் எல்லா ஓட்டைக்கும் தறிக் கழிவுநூல்தான் அடைப்பு. எண்ணெய் டின்னுக்கு, ஒழுகும் குழாய்க்கு, எலி வளைக்கு. ஐப்பசியில் இங்கே வந்தபோது, சாரல் இறங்காமல் இருக்கக் குழல் வாயில் ஒரு கைப்பிடி கழிவுநூலைத் திணித்தவன் நான்.

"அந்த நூலை மழை விட்ட அன்னைக்கே உருவிட்டேனே" என்றார் வேலுச்சாமி.

வெளியே தெரிந்தது மட்டும் வந்திருக்கிறது. செல்லையா பின்பக்கமிருந்து ஒரு கம்பியை விட்டுக் குத்தினான். மிச்சம், துருக்கறை ஏறிய உருண்டையாக மண்ணில் விழுந்தது. அது இருந்த இடத்தில் குழலுக்குள் சுற்றிலும் துரு அரித்திருந்தது.

"சுட்டிருந்தா குழலு பிளந்திருக்கும் மாமா. இடது கை போயிருக்கும். கண்ணு தப்பிச்சிருக்கும்னும் நான் சொல்ல முடியாது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோயி காட்டாம இதுல தோட்டா வைக்காதீக."

தங்கை அழ ஆரம்பித்தாள். "எந்தப் பாவி இதை அடைச்சான்?"

பன்றி என்று சொல்லலாம், எலி என்று சொல்லலாம். எனக்குக் கதைக்கா பஞ்சம்?

"நாந்தான் மாப்ள. நாந்தான் வச்சேன்."

வேலுச்சாமி சட்டைப்பையிலிருந்து தோட்டாவை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தார். கோபமே இல்லை. "தெரியும் மச்சான். நீரு வச்சா சரியாத்தான் இருக்கும்னு நானும் உள்ள பாக்கல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று சாயங்காலம் துப்பாக்கிக்குப் பதில் நான்தான் தகர டின்னைத் தட்டினேன். கை கொப்பளிக்கும்வரை தட்டினேன். எழுபது பன்றி ஓடியது. சரி, ஏழு.

போகிறவர்களுக்கு: ஏழு இருபது பஸ்ஸைப் பிடியுங்கள், வெயிலுக்கு முன் நடந்துவிடலாம். பழைய செருப்பு வேண்டாம். யார் வீட்டிலாவது துப்பாக்கி இருந்தால், காஸ் எந்த வழியில் போகிறது என்று என்னைப்போல் பேசுங்கள், தப்பில்லை. பேசுவதற்கு முன் தோட்டா இல்லை என்று பார்த்து, குழலை மடித்து, வெளிச்சம் தெரிகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். நான் பார்த்தேன் என்று சொன்னாலும் பாருங்கள்.