மண்டபத்துக் கணினிக்கு நான் போட்ட பூட்டு

மலேசியாவில் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒற்றை லோரியில் தொடங்கி நாலு லோரி ஓட்டினேன். புக்கிட் ரோத்தானில் கல்வீடு கட்டினேன். இவனால் எங்கே முடியும் என்று சிரித்தவர்கள் பார்த்திருக்க, எதிரே இருக்கும் கோயில் மண்டபத்துக்குக் கூரை போட்டேன். கடைசியில் அந்த மண்டபத்துக்கு இணையம் கொண்டுவந்ததும் நான்தான்.

அங்கே கிடந்த பழைய கணினியில் புதுசாக எதுவும் ஏறாது என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஏறும் என்று கேள்விப்பட்டு, வீடியோ பார்த்து நானே ஏற்றினேன். அதில் சாவிக்கொத்து என்று ஒரு பெட்டகம் உண்டு. வைஃபை கடவுச்சொல்லை அதற்குள் வைத்துப் பூட்டினேன். கணினியை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். இணையம் வேண்டுமென்றால் சாவிக்கொத்தின் சொல்லைக் கேட்டு நின்றுவிடும். அந்தச் சொல் எனக்கு மட்டும் தெரியும்.

மனைவி காலமான பிறகு என் வீட்டில் பேச்சுக்குரல் கேட்டதென்றால் அந்தப் பூட்டால்தான். சாயங்காலமானால் மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் டியூஷன் டீச்சர் வந்து என் வீட்டுக் கேட்டைத் தட்டுவார்.

"ஐயா, மறுபடியும் சாவி கேக்குது."

"கேக்கத்தான் செய்யும். உக்காருங்க டீச்சர், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவோம்."

"அதுக்குள்ள பிள்ளைங்க கூரையப் பிரிச்சிருவாங்க."

"நான் போட்ட கூர. பிரியாது."

சிரித்தபடி உட்கார்ந்துவிடுவார். மண்டபத்தில் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் போனை நீட்டினாலும் வைஃபை சொல்லை நானே அழுத்திக் கொடுப்பேன். மண்டபச் செயலாளருக்கு மட்டும் இது பிடிக்காது.

"பேங்க் லாக்கர்கூட இப்படி இல்லலா, அண்ணே."

"பேங்க்ல திருட்டுப் போயிருக்குலா, தம்பி. இங்க போனதில்ல."

போன வருஷம் முழங்கால் ஆப்பரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தது. பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கிய நேரம். சாவிக்கொத்தின் சொல்லை டீச்சரிடம் சொல்ல முடியாது. என் சொந்தக் கணக்குகளின் சொற்களும் அதற்குள்தான் கிடந்தன. வைஃபை அமைப்பைத் திறந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். கடவுச்சொல் 'இந்தப் பயனருக்கு மட்டும்' என்று இருந்ததை 'எல்லாப் பயனருக்கும்' என்று மாற்றினேன். இனி அந்த வைஃபை சொல் மட்டும் பூட்டில்லாமல் கிடக்கும் என்று தெரிந்தேதான் செய்தேன். அணைத்துப் போட்டுப் பார்த்தேன். எதையும் கேட்காமல் இணைந்துகொண்டது.

ஊன்றுகோலோடு வீடு திரும்பிய அன்று ரெண்டு கோப்பை தேத்தண்ணி கலந்து வைத்தேன். எதிரே பாடம் தொடங்கும் சத்தம் கேட்டது. கேட் தட்டப்படவில்லை. மறுநாளிலிருந்து ஒரு கோப்பைதான். கல்யாணக்காரர்களும் வருவதில்லை. கணினியில் கிடந்த சொல்லை யாரோ எடுத்து, தாளில் அச்சடித்து மண்டபக் கதவில் ஒட்டியிருந்தார்கள்.

திரும்பப் பூட்ட எனக்கு ஒரு நிமிஷம் போதும். பூட்டவில்லை. பிள்ளைகள் படிக்கட்டும்.

ஆனால் மண்டபத்தின் ஆண்டுக்கூட்டத்தில் செயலாளர் எழுந்து, "நம்ம கமிட்டி முயற்சியில இப்ப இன்டர்நெட் தடங்கல் இல்லாம ஓடுது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். டீச்சர் மட்டும் திரும்பி என்னைத் தேடினார். நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

மாலையும் பொன்னாடையும் எனக்கு வேண்டாம். கதவில் ஒட்டிய தாளில் அந்தச் சொல்லுக்குக் கீழே இடம் காலியாகத்தான் இருக்கிறது. கமிட்டிக்காரர்கள் அங்கே ஒரு வரி எழுதியாக வேண்டும்: இதைப் பூட்டியவரும் திறந்துவிட்டவரும் எதிர்வீட்டுக்காரர்.