டில்ட் டேபிளில் என் வீட்டுக்காரர்

குரோம்பேட்டையில் பைக்கிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்ட என் வீட்டுக்காரர், இரண்டரை மாதம் மல்லாந்தே கிடந்தார். அவரை மறுபடி நிற்கப் பழக்குவதற்காக பிசியோதெரபி சென்டரில் டில்ட் டேபிளில் படுக்க வைத்தார்கள். பார்க்கக் கட்டில் மாதிரிதான் இருக்கும். மார்பு, இடுப்பு, முட்டி மூன்றிலும் பெல்ட் போட்டு, பாதத்துக்குப் பலகை கொடுத்து, பட்டனை அழுத்தினால் ஆளோடு மெல்ல நிமிரும்.

"ரொம்ப நாள் படுத்திருந்தவங்கள நிமித்தினா சட்டுனு பிரஷர் இறங்கிடும்மா," என்றாள் பிசியோதெரபிஸ்ட் பெண். "நான் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்துவேன், ஒவ்வொரு தடவையும் பிரஷர் பார்ப்பேன். நீங்க சார் முகத்தையே பார்த்துக்கிட்டுப் பேச்சு குடுத்துக்கிட்டே இருங்க. முகம் வெளுத்தாலோ, வேர்த்தாலோ, பதில் வர லேட்டானாலோ உடனே சொல்லிடுங்க."

அவ்வளவு தெளிவாகச் சொன்னாள். நான் என்ன செய்தேன்? பெங்களூரில் இருக்கும் மகளுக்கு வீடியோ கால் போட்டேன். அப்பா நிற்பதை அவள் பார்க்க வேண்டாமா!

முப்பது டிகிரி. "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"நீ கிண்டின உப்பில்லாத உப்புமா," என்றார். மகள் சிரித்தாள்.

நாற்பத்தைந்து டிகிரி. போனைத் தூக்கிப் பிடித்து, திரையில்தான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த கேமரா யாரையும் சிவப்பாக, பளிச்சென்று காட்டும். மகளுக்குக் கையாட்டச் சொன்னேன். ஆட்டவில்லை. வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன், பாவி நான்.

"அம்மா, அப்பா ஏன் பேச மாட்டேங்கிறாரு?" என்று மகள் கத்தினாள்.

போனை இறக்கினேன். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. கண் மேலே செருகிக்கொண்டிருந்தது. "ஐயோ, இங்க பாரும்மா!" என்று அலறினேன். பிரஷர் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தவள், எண் வரும்வரைகூடக் காத்திராமல் பட்டனை அழுத்தினாள். டேபிள் இறங்கியது. எனக்கோ அது ஊர்வதுபோல் இருந்தது. நானே கொன்றுவிட்டேன், நானே கொன்றுவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

மல்லாந்து கிடந்தவர் கண்ணைத் திறந்தார். "எதுக்கு எல்லாரும் கத்துறீங்க?" என்றார். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"அடுத்த தடவை போன் பையிலேயே இருக்கட்டும்மா," என்று மட்டும் அந்தப் பெண் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இரண்டு வாரம் கழித்துத்தான் அறுபது டிகிரிக்கு ஏற்றினாள். போனைப் பையிலேயே வைத்துவிட்டு, விடாமல் பேச்சுக் கொடுத்தேன். சிட்லபாக்கம் ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கும், எதிர்வீட்டு நாய் எத்தனை குட்டி போட்டது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். எரிச்சலோடு பதில் சொல்லிக்கொண்டே வந்தார். இத்தனை நாளும் குனிந்தே பார்த்த முகம் என் தலைக்கு மேலே போனது. அவர் என்னைவிட உயரம் என்பதே மறந்து போயிருந்தது. அதைப் பார்த்ததில் அடுத்த கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

"ஏண்டி, பதில் லேட்டாகுது?" என்றார் மேலிருந்து. "உன் மூஞ்சிதான் வெளுத்திருக்கு. போய் உக்காரு."

நான் உட்காரவில்லை. அண்ணாந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.