இடைவேளையில் நான் வெளியே எடுத்த வீரர்

காசு வாங்கி உதைபந்தாட்ட மெச்சை விற்றவன் என்று இரண்டு ஊர்களில் என்னைப் பற்றிப் பேசினார்கள். ஒன்று நான் பிறந்து வளர்ந்த கல்முனை. மற்றது அக்கரைப்பற்றுப் பக்கத்து ஊர். அங்குள்ள உதைபந்தாட்டக் கழகத்துக்கு நான் பயிற்றுவிப்பாளராகப் போய் ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மீன் வாங்கப் போனால் அங்கே நடந்த கதை நின்றுவிடும். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் வுழூச் செய்ய உட்கார்ந்தால் பக்கத்துக் குழாயில் ஆள் இருக்காது. நாற்பத்து மூன்று வயதில், செய்யாத ஒன்றுக்காக நான் தலையைக் குனிந்து நடந்தேன். அல்லாஹ் அதிலிருந்து என்னை எப்படி வெளியே எடுத்தான் என்பதைச் சொல்லாமல் இருப்பது நன்றிகெட்டதனம் என்று நினைத்தே ஈமான் கொண்ட என் சகோதர சகோதரிகளுக்கு இதை எழுதுகிறேன்.

என் பெயர் நியாஸ். எட்டு வருடம் எங்கள் ஊர்க் கழகத்தைப் பயிற்றுவித்தேன். மாவட்ட லீக்கின் இரண்டாம் பிரிவு. காலையில் கல்முனை பஸாரில் விளையாட்டுச் சாமான் கடையொன்றில் வேலை, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மைதானம். அப்படித்தான் வாழ்க்கை ஓடியது. அப்போதுதான் அந்தப் பக்கத்துக் கழகத்தின் தலைவர் ஹாஜியார் ஆள் அனுப்பினார். முழுநேரப் பயிற்றுவிப்பாளர் வேலை. அதே பிரிவுதான், ஆனால் மைதானம் நல்லது, ஆட்களும் நல்ல ஆட்டக்காரர்கள். நல்ல முடிவைக் காட்டும்படி கேட்டு இஸ்திகாரா தொழுதேன். மனம் தெளிவாக இருந்தது. கடை வேலையை விட்டேன்.

கடை முதலாளி ஒரு வார்த்தை சொன்னார். "போற எடம் சரிவராட்டி இந்த எடம் இரிக்காது நியாஸ். நான் வேற ஆளப் போட்டுருவன்."

நான் சிரித்துக்கொண்டு ஸலாம் சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சின்னப் பிரிவுக் கழகங்களில் பயிற்றுவிப்பாளருக்கு எழுத்தில் ஒன்றும் கிடையாது. தலைவர் கையைப் பிடித்துச் சொல்வதுதான் ஒப்பந்தம். வென்றால் தோளில் தூக்குவார்கள். இரண்டு ஆட்டம் தோற்றால் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். ஓர் ஊரை விட்டு மற்ற ஊருக்குப் போனவனுக்கு இன்னும் கஷ்டம். விட்ட ஊரில் அவன் துரோகி, போன ஊரில் அவன் வெளியாள். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும், என் திறமை என்னைக் காப்பாற்றும் என்று நம்பினேன்.

ஒவ்வொரு பகலும் பஸ்ஸேறிப் போனேன். காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் சந்தி என்று இறங்குகிற இடம் வரும்வரை ஆட்டத் திட்டத்தைக் கொப்பியில் கீறிக்கொண்டே போவேன். அந்தக் கழகத்தின் முன்கள வீரர் சசிதரன். ஆலையடிவேம்புப் பிள்ளை, இருபத்து நாலு வயது, ஒரு ஹார்ட்வெயார் கடையில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை. தகப்பன் இல்லை. தாயும் அவனும்தான். பந்து காலுக்கு வந்தால் மைதானத்தில் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். நாங்கள் போட்ட கோல்களில் பாதிக்கு மேல் அவன் போட்டவை.

பிறகு என் பழைய கழகத்தோடு ஆட்டம் வந்தது.

கல்முனைக் கழகம் அந்த ஆட்டத்தில் வெல்லாவிட்டால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் நிலையில் இருந்தது. எங்கள் நிலையும் பெரிதாக நன்றாயில்லை. இரண்டு ஊர்ச் சனமும் மைதானத்தின் எல்லைக் கோட்டைச் சுற்றி நின்றார்கள். முதல் பாதியில் சசி ஒரு கோல் அடித்தான். ஒன்றுக்குப் பூச்சியம். இடைவேளையில் எல்லாரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, அவனை மட்டும் காணவில்லை. உடுப்பு மாற்றும் அறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். சுவரில் கையை ஊன்றி வாந்தியெடுத்துக்கொண்டு நின்றான். உதடு வெளிறியிருந்தது. நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். உள்ளே அடித்தது இதயத்தின் அடி போலவே இல்லை. எண்ண முடியாத வேகம்.

"சேர், ஆருக்கும் சொல்லிராதீங்க," என்றான். "இது ரெண்டாம் தரம். கொஞ்சத்தில நிண்டுரும்."

"ஒனக்குப் பைத்தியமா? வா, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"இல்ல சேர். கட்டாருக்கு ட்ரைவர் வேல சரி வந்திரிக்கி. மெடிக்கல் எல்லாம் முடிஞ்சி. நெஞ்சு வருத்தக்காரன் எண்டு கத வெளிய போனா ஏஜென்சிக்காரன் என்ன எடுக்க மாட்டான். அம்மாட தலையில அடிச்சுச் சொல்றன் சேர், நாளைக்குக் காலமையே டொக்டரக் காட்டுறன்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே துடிப்பும் அடங்கியது. நான் வாக்குக் கொடுத்தேன். டொக்டரிடம் போவதென்றால் என் வாயிலிருந்து ஒன்றும் வராது என்றேன். இன்று நினைத்தால் அந்த நிமிஷமே அவனை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அது என் பிழை. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் உறுதியாகச் செய்தேன். இரண்டாம் பாதியில் அவனை இறக்கவில்லை.

ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம்.

சனம் பார்த்தது இதுதான். காயமில்லாத, கோல் அடித்த சிறந்த வீரரை, சொந்த ஊருக்கு எதிரான ஆட்டத்தில் இடைவேளையோடு பயிற்றுவிப்பாளர் வெளியே எடுத்துவிட்டார். சொந்த ஊர் வென்று பிரிவில் தங்கும் வாய்ப்பைப் பிடித்துக்கொண்டது. ஹாஜியார் கோட்டு ஓரத்திலேயே கேட்டார்.

"ஏன் சசிய எடுத்தீங்க?"

"அது என்ட முடிவு ஹாஜியார்."

"என்ன முடிவு? ஆருக்காக எடுத்த முடிவு?"

பக்கத்தில் சசி நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கொப்பியை மடித்து எடுத்துக்கொண்டு நடந்தேன். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது வட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. இனி வரவேண்டாமாம்.

கல்முனைக்கு வந்தால் இங்கேயும் அதே கதைதான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஆடி வென்ற ஆட்டத்தை நான் விற்றுக் கொடுத்த ஆட்டமாக ஆக்கிவிட்டேன் என்று அவர்களுக்குக் கோபம். எட்டு வருடம் நான் வளர்த்த பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நிந்தவூரில் ஒரு கழகம் முன்பு என்னோடு பேசிக்கொண்டிருந்தது. "பொறகு பாப்பம்" என்றார்கள். கடையில் என் இடத்தில் வேறொருவர் நின்றார். என் மகள் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வைத்துவிட்டு, "வாப்பா, நீங்க காசு வாங்கினீங்களா?" என்று கேட்டாள். பத்து வயதுப் பிள்ளை. இல்லை என்றேன். சரி என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

என் மனைவி ஸமீரா அன்று என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க அப்பிடிச் செய்யமாட்டீங்க எண்டு எனக்குத் தெரியும். ஆனா ஏன் அந்தப் புள்ளய எடுத்தீங்க எண்டு எனக்காவது சொல்லுங்க."

"அது ஒரு அமானிதம் ஸமீரா. என்ன நம்பிச் சொன்ன ஒண்டு."

"அப்ப எனக்கும் சொல்லாதீங்க," என்றாள். அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் கேட்கவில்லை. கடற்கரை வீதியில் பெண்கள் என்ன சொன்னார்களோ, அதையும் என் காதுக்குக் கொண்டுவரவில்லை.

சசிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவன் எடுக்கவில்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு நானும் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அவன்மீது எனக்கு ஆத்திரம் இருந்தது. ஒரு சொல் சொல்லியிருந்தால் என்னைக் காப்பாற்றியிருக்கலாமே என்று.

கடலோரப் பள்ளியில் அஸர் தொழுதால் மஃரிப்வரை அங்கேயே இருப்பேன். வீட்டுக்குப் போக முகமில்லை. ஒவ்வொரு நாளும் அழுது துஆக் கேட்டேன். யா அல்லாஹ், என் பெயரைத் திருப்பித் தா. யா அல்லாஹ், அவர்களுடைய வாயை மூடு. இஸ்திகாரா தொழுதுதானே போனேன், ஏன் என்னை இப்படி ஆக்கினாய்? இப்படியே நாலைந்து வாரம். ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு கட்டத்தில் துஆக் கேட்கவே நா வரவில்லை. சும்மா உட்கார்ந்து கடலின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அஸர். நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூதில் இருக்கும்போது என் கை நினைவுக்கு வந்தது. சசியின் நெஞ்சில் வைத்த கை. அதற்குள் ஓடிய அந்தத் துடிப்பு. இத்தனை நாளும் என் பெயருக்காகவே கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் உயிருக்காக ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்று உறைத்தது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் கையை ஏந்தி அவன் பெயரைச் சொல்லிக் கேட்டேன். யா அல்லாஹ், ஆலையடிவேம்புச் சசிதரனைக் காப்பாற்று. என் பெயர் போனால் போகட்டும். அவனை அவனுடைய தாய்க்கு விட்டுவை. அன்று அழுதது வேறு அழுகை. எழுந்தபோது மனது லேசாக இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஆலையடிவேம்புக்குப் போனேன். வீட்டு வாசலில் சசியின் தாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுளகை வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க தம்பி, வாங்க. டேய் சசி, ஒன்ட சேர் வந்திரிக்கார்."

அவன் வெளியே வந்தான். மெலிந்திருந்தான்.

"டொக்டரக் காட்டினியா?" என்றேன்.

இல்லை என்று தலையாட்டினான். "இன்னும் ஒம்பது நாள்ல பயணம் சேர்," என்றான் பிறகு. "ஒங்களப் பத்திக் கதைக்கிறதெல்லாம் கேட்ட நான். வாயத் திறக்கப் பயமா இருந்திச்சி. மூஞ்சியில முழிக்க ஏலாமத்தான் போனும் எடுக்கல்ல."

"அத விடு. சேட்டப் போடு. இண்டைக்கு நாம போறம்."

"என்ன தம்பி? இவனுக்கு என்ன?" என்று தாய் கேட்டார்.

நான் சசியைப் பார்த்தேன். சொல்ல வேண்டியவன் அவன்தான். அவனே சொன்னான். அந்த அம்மா கத்தவில்லை. உள்ளே போய் ஒரு பையில் துவாய், சாரம், போத்தல் தண்ணீர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்தார். "நானும் வாறன்," என்றார்.

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈசிஜி எடுத்த டொக்டர் அந்தக் கடதாசியைப் பார்த்துவிட்டு சசியை வீட்டுக்கு விடவில்லை. பிறவியிலேயே இதயத்தில் துடிப்பைக் கடத்தும் வழி ஒன்று கூடுதலாக இருக்கிறது என்றார். சும்மா இருக்கும்போது ஆளுக்கு ஒன்றும் தெரியாதாம். கடுமையாக ஓடும்போது சில வேளை துடிப்பு கட்டுமீறிப் போகுமாம். நான் ஆட்டத்தன்று நடந்ததைச் சொன்னேன்.

"மிச்ச நேரமும் ஓட விட்டிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு என்னால சொல்ல ஏலாது," என்றார் டொக்டர். "நீங்க விடாதது நல்லது."

சுவரோரம் கிடந்த நீள மர வாங்கில் போய் உட்கார்ந்தேன். என்னை ஏன் அந்த ஊருக்கு அனுப்பினாய் என்று ஐந்து வாரமாக என்னைப் படைத்த ரப்பிடம் கேட்டுக்கொண்டிருந்தேன் அல்லவா? அந்த இடைவேளைக்காகத்தான் அனுப்பியிருக்கிறான் என்று அந்த வாங்கில் இருக்கும்போது நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

பகல் தொழுகையான ளுஹர் நேரமானது. எங்கே தொழலாம் என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். சசியின் தாய் பையிலிருந்து கழுவி மடித்த துவாயை எடுத்து நீட்டினார். "இதப் போட்டுத் தொழுங்க தம்பி. என்ட புள்ளைக்கும் சேத்துக் கேளுங்க," என்றார். ஒரு மூலையில் விரித்துத் தொழுதேன். அவர் கண்ணை மூடித் தன் ஊர்க் கோயில் அம்மாளை வேண்டிக்கொண்டிருந்தார்.

அவனை மட்டக்களப்புக்கு அனுப்பி, அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். தொடையால் மெல்லிய வயர் விட்டு அந்தக் கூடுதல் வழியை அடைத்தார்கள். நெஞ்சைத் திறக்கவே இல்லை. கட்டார் பயணம் தப்பிப்போனது. பிள்ளை தப்பினான். அல்ஹம்துலில்லாஹ்.

வீட்டுக்கு வந்து நடமாடத் தொடங்கியதும் சசி நேரே மைதானத்துக்குப் போயிருக்கிறான். பயிற்சி நடந்துகொண்டிருந்ததாம். எல்லாரையும் கூப்பிட்டு, ஹாஜியாரையும் வைத்துக்கொண்டு, நடந்ததை முழுக்கச் சொல்லியிருக்கிறான். நான் அவனிடம் கேட்கவுமில்லை, அவன் போனது எனக்குத் தெரியவுமில்லை.

மறுநாள் அஸருக்குப் பிறகு ஹாஜியார் இரண்டு பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"நியாஸ், நாங்க ஒங்களுக்கு அநியாயம் செஞ்சிட்டம். எங்கள மன்னிச்சிருங்க. ஆனா அண்டைக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?"

"அது என்ட சொல் இல்ல ஹாஜியார். அந்தப் புள்ளைட சொல்."

அவர் கண்ணைத் துடைத்தார். நான் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தேன். மன்னிப்பது இவ்வளவு சுகமான காரியம் என்று அன்றுதான் தெரிந்தது. திரும்ப வரவேண்டும் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன் உள்ளேயிருந்து ஸமீராவின் குரல் வந்தது.

"இந்த மொற எழுத்தில தருவாங்களா எண்டு கேளுங்க."

ஹாஜியார் சிரித்துவிட்டார். எழுத்தில் தந்தார். இரண்டு வருடத்துக்கு.

இதைக் கேட்டால் நாங்கள் அந்தப் பருவத்தில் கிண்ணம் வென்றோம் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. மிச்சமிருந்த மூன்று ஆட்டத்தில் ஒன்றுதான் வென்றோம். கீழ்ப் பிரிவுக்கு இறங்கினோம். ஆனாலும் நிம்மதியாகத் தூங்கினேன். கல்முனைப் பிள்ளைகள் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். இன்னும் நம்பாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய வாயை மூடும்படி நான் இப்போது கேட்பதில்லை.

சசி இப்போது ஓட்டோ ஓடுகிறான். டொக்டர் அனுமதி கொடுத்த பிறகு போன மாதம் மைதானத்தை மெதுவாக நாலு சுற்று ஓடினான். நான் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு அவனுடைய ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சகோதரர்களே, சகோதரிகளே. உங்களில் யாராவது இன்று வேலையிழந்து, பெயரிழந்து, யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை நெஞ்சில் சுமந்துகொண்டு இருந்தால், கையை இறக்கிவிடாதீர்கள். கேளுங்கள். அல்லாஹ் கேட்கிறான். தாமதித்தால் அதிலும் ஒரு நன்மை இருக்கும். ஒன்று மட்டும் செய்து பாருங்கள். உங்கள் துஆவில் உங்களைவிடக் கஷ்டத்தில் இருக்கும் ஒருவருடைய பெயரை முதலில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுந்து அவருடைய வீட்டுக்குப் போங்கள். மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான். எனக்குப் பார்த்துக்கொண்டான்.