சுக்குப் பற்று உரைத்த கல்

அந்தக் கல் இப்போது அக்கா வீட்டுச் சமையல் மேடையில், மிக்ஸிக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான், நடுவில் குழி விழுந்திருக்கும். அந்தக் குழியில் பாதிக்கு மேல் என் கை வேலை. சுக்கை நீர் விட்டு உரைத்து, நெற்றியில் பற்றுப் போடக் கொடுத்தவள் நான். போட்டுக்கொண்டவர்கள் அம்மாவும் அக்காவும். அம்மா காலமானபின் அக்கா அதை யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனாள். தோடு, சேலை எதற்கும் நான் வாய் திறக்கவில்லை. அந்தக் கல் போனதில்தான் எனக்கு வயிறு எரிந்தது.

அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி. காரிமங்கலம் சந்தையில் வெயிலில் நின்று கடலை விற்றுவிட்டு வந்தால் போதும், வலது கண்ணுக்கு மேலே பிடித்துக்கொள்ளும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் வாந்தி. ஜன்னலைச் சாத்தி உள்ளறையில் சுருண்டுவிடுவாள். அக்கா வயசுக்கு வந்த வருஷம் அவளுக்கும் அதே கண்ணுக்கு மேலே அதே வலி வந்தது. "எம் மவளுக்கும் வந்துருச்சே சாமி!" என்று அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். துக்கத்தில் அழுததுதான். ஆனாலும் 'எம் மவ' என்ற அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. அப்படியானால் நான் யாராம்?

அதன்பின் இருவரும் ஒரே பாயில்தான். ஒருத்தி நெற்றியை இன்னொருத்தி அமுக்குவாள். "அந்த நரம்புதான்டி." "எனக்கும் அதே எடந்தாம்மா." அவர்களுக்கு மட்டும் தெரிந்த ஊர் ஒன்று இருப்பது போலவும், எனக்கு அங்கே பஸ் இல்லாதது போலவும் இருக்கும். பற்றுக் கிண்ணத்தோடு நான் வாசற்படியில் நிற்பேன். "உனக்கென்னடி, உங்கப்பன் ஒடம்பு, கல்லு கணக்கா இருக்கற. கதவச் சாத்திட்டுப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்பாள் அம்மா. மெச்சித்தான் சொல்வாள். எனக்கோ என்னைப் பெற்றதையே மறந்து பேசுகிற மாதிரி கேட்கும். மாரியம்மன் கோயிலில் எல்லோரும் நோய்நொடி வேண்டாம் என்று கும்பிட, எனக்கும் ஒற்றைத் தலைவலியைக் கொடு தாயே என்று கும்பிட்ட கிறுக்கி நான். அவளும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன மாதம் எனக்குக் கிறுகிறுப்பு வந்தது. அக்காதான் தருமபுரிக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா என் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பிரஷர் என்றார். "வீட்ல யாருக்காச்சும் ஒத்தத் தலவலி இருக்குதுங்களா?"

"எங்கம்மாளுக்கு இருந்துச்சுங்க. எனக்கும் இருக்குதுங்க" என்று அக்கா முந்திக்கொண்டாள். பாருங்கள், அங்கேயும் அவள்தான் முன்னால்.

"அந்தத் தலவலியும் பிரஷரும் சில குடும்பங்கள்ல சேந்தே வருதுங்க. ரெண்டுக்கும் காரணமான மரபணுக்கள்ல சிலது ஒண்ணுதான். அம்மாகிட்டருந்து உங்களுக்குத் தலவலியா வந்தது, தங்கச்சிக்குப் பிரஷரா வந்திருக்கலாம். இதான்னு உறுதியாச் சொல்ல முடியாது. நீங்களும் அப்பப்பப் பிரஷர் பாத்துக்கங்க."

'வந்திருக்கலாம்' என்றுதான் சொன்னார். எனக்கு அது போதும். உப்பைக் குறைக்கச் சொன்னதும் மாத்திரையை விடக்கூடாது என்றதும் எங்கோ தூரத்தில் கேட்டன. அப்பன் உடம்பாம், கல்லாம்! பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பிரஷர்னு சொல்லிருக்காங்க, பல்லக் காட்டிட்டு வர்ற. கிறுக்காடி உனக்கு?" என்றாள் அக்கா. அவள் முகம் வாடிக் கிடந்தது.

அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே சமையல் மேடைக்குப் போய் அந்தக் கல்லை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"எனக்குப் பத்துப் போடுக்கா."

"உனக்குத்தான் தலவலியே இல்லியே. பிரஷருக்கு எவளாச்சும் பத்துப் போடுவாளா?"

"நீ போடு."

சுக்கை எடுத்து வந்து உட்கார்ந்து உரைத்தாள். விரல் நகம் முதற்கொண்டு அம்மாவின் கை. வலது கண்ணுக்கு மேலே தடவியபோது, அப்பப்பா, என்ன எரிச்சல்! கண்ணில் நீர் கொட்டியது. இந்த எரிச்சலுக்கா இத்தனை வருஷம் ஏங்கிச் செத்தேன்? ஆனாலும் துடைக்க மனம் வரவில்லை.

அக்கா ஜன்னலை அடைத்தாள். "கதவையும் சாத்திட்டு வர்றேன், கொஞ்சம் தள்ளிப் படு" என்றாள்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் உள்ளே இருந்தேன்.