தலைகீழாக நட்ட பூவரசு

நாகப்பட்டினத்தில் மகள் வாங்கிய மனையில், கடற்காற்றுக்கு மறைவாக வேலியோரம் பூவரசு வைக்கிறோம். குழி தோண்டியவர் வெட்டிய கிளை ஒன்றைத் தூக்கிக் காட்டி, "எந்தப் பக்கங்க மண்ணுக்குள்ள போகணும்?" என்றார். வெட்டுவாயிலிருந்து பச்சை வாசனை அடித்தது.

நான் சிறுவயதில் வளர்ந்த பொன்மலை ரயில்வே குடியிருப்பில், துணிக்கொடி கட்ட அப்பா நட்ட இரண்டு கம்புகளும் பூவரசுதான். அம்மா பிறந்த வேதாரண்யத்திலிருந்து வந்தவை. மஞ்சள் பூ சாயங்காலம் சிவப்பதைப் பார்த்து வளர்ந்த அம்மாவுக்கு மரம் வேண்டும். ஒர்க்‌ஷாப் ஃபிட்டரான அப்பாவுக்குக் கம்பு போதும்.

"மரமானா கம்பளிப்பூச்சி ஏறும். தலைகீழா நட்டா தழைக்காது" என்று பருத்த பக்கம் மேலே இருக்கும்படி நட்டார். ரசமட்டம் வைத்து நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, சைக்கிளில் ஷிப்டுக்குக் கிளம்பினார்.

ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியதும் அம்மா ஒரு கம்பைப் பிடுங்கித் திருப்பி நட்டாள். மண்ணை மிதித்து இறுக்கியது நான். பிறகு இரண்டு கம்புக்கும் நடுவே கொடி கட்டித் துணி காயப்போட்டாள்.

"அப்பாட்ட சொல்லாதே."

சொல்லத் தேவையே இல்லை. நாளெல்லாம் இரும்பை அளக்கிற மனிதருக்கு எது பருத்த பக்கம் என்று தெரியாதா? சாயங்காலம் வந்ததும் பார்த்துவிட்டார். நான் பயந்து கதவோரம் நின்றேன். அவர் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், அந்தக் கம்பிலிருந்து கொடியை அவிழ்த்து ஜன்னல் கம்பியில் கட்டினார்.

"ஈரத்துணி இழுத்துக்கிட்டே இருந்தா வேர் பிடிக்காது" என்றார், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

"பருத்த பக்கம் கீழங்க" என்றேன் குழி தோண்டியவரிடம். "யாரும் இதுல கொடி கட்டாம பாத்துக்கங்க."