செல்லம்மாவின் நாக்குக்கடியில் இருந்தது

பல் டாக்டர் தங்கமுத்து காலமானதைச் சொல்ல அவர் மகள் போன வாரம் ஃபோன் செய்தாள். எல்லாம் முடிந்த பிறகு சொன்னால் போதும், சிஸ்டர் வீணாக அலைவார் என்று சொல்லிவைத்திருந்தாராம். போகும்போதும் என் எரிச்சலைக் கிளப்பிவிட்டுத்தான் போயிருக்கிறார் மனுஷன்.

அவரிடம் நர்ஸாக ஏழு வருஷம் மாரடித்தேன். கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், கல்யாணப் பந்தியில்கூட யார் கன்னமாவது உப்பியிருந்தால் "எங்க, வாயத் திறங்க பாப்போம்" என்பார். இலைக்கு முன்னால்! "வாயில வர்ற கட்டியெல்லாம் புத்து இல்ல சிஸ்டர், பயந்து மூடிக்கிறதுதான் வியாதி" என்று எனக்குப் பாடம் வேறு.

கழக ஆட்சி வந்த புதிது. அறுப்புக் கூலித் தகராறு முற்றி, தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தை வைத்திருந்தார்கள். கூலிக்காரர்கள் தரப்பில் பேச வேண்டிய செல்லம்மா, அதற்கு இரண்டு நாள் முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நாக்குக்கடியில் நீலம் பாரித்த கட்டி, பேச்சு குழறியது. கருவேல முள்ளால் தானே குத்தியிருக்கிறாள். வடிந்து, மறுபடி பெரிதாகவே வந்துவிட்டது. அவளுக்குப் புற்று, பிழைக்க மாட்டாள் என்று மிராசுதாரின் ஆட்கள் தெருத்தெருவாகச் சொல்ல, அவளை நம்பியிருந்தவர்கள் ஆடிப்போயிருந்தார்கள்.

"எச்சில் போற வழி அடைச்சுத் தேங்கியிருக்கும்மா. புத்து இல்ல" என்றார் டாக்டர்.

"அப்ப ஊசியால குத்தி விட்டுடுங்கய்யா. பேசி முடிச்சுட்டு வந்து அறுத்துக்கறேன்."

"குத்தினா மறுபடி வரும். திறந்து, ஓரத்தைத் தச்சு விட்டாத்தான் போகும்."

அன்றைக்கே செய்தார். செய்துவிட்டு, அஞ்சு நாள் பேசக் கூடாது என்றார். எனக்கு வந்ததே கோபம்! "நாளன்னைக்கு அவ பேசலேன்னா அத்தனை பேர் கூலியும் போச்சு சார்" என்று கத்தினேன். "தையல் பிரிஞ்சிடும்" என்று கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பேச்சுவார்த்தைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அரசாங்க ஊழியர்களுக்கு அங்கே என்ன வேலை? மிராசுதாரின் காரியக்காரர், "சாகப் போறவகிட்ட என்ன பேச்சு?" என்றதும் டாக்டர் எழுந்துவிட்டார். செல்லம்மாவை வாயைத் திறக்கச் சொல்லி, என்னை டார்ச் பிடிக்கச் சொல்லி, தாசில்தார் முதல் கூலிக்காரர்கள் வரை வரிசையாக வந்து பார்க்க வைத்தார். "நல்லாப் பாத்துக்குங்க. எச்சில் தேங்கின பை, அவ்வளவுதான். திறந்து தச்சாச்சு." பார்த்த கூலிக்காரர்கள் ஒவ்வொருவராக அவள் பின்னால் போய் நின்றார்கள். அவள் கலம் நெல்லுக்கு ஆறு படி கூலி என்று ஆறு விரலைக் காட்டினாள். பின்னால் நின்ற அத்தனை பேரும் ஆறு விரலைக் காட்டினார்கள். கேட்ட கூலிக்கே மிராசுதார் தரப்பு ஒப்புக்கொண்டது.

மறுமாதம் அவருக்கு இடமாற்றம்; டார்ச் பிடித்த பாவத்துக்கு எனக்கும்.

அதற்கு முன், தையல் பிரித்த அன்று செல்லம்மா வாய் திறந்து அவரைத்தான் திட்டினாள். "படுபாவி டாக்டரே, எவ்வளவு பேசணும்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன்! ஒரு வார்த்தை பேச விட்டீங்களா?"

"இப்பப் பேசும்மா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தாசில்தாரிடம் பேச வைத்திருந்ததை அரை மணி நேரம் அவரிடம் பேசித் தீர்த்தாள். வெளியே கூட்டம் காத்துக் கிடந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.

அந்த அரை மணி நேரத்தைத்தான் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். எனக்கும் அவரிடம் பேச நிறைய இருந்தது. ஒரு வார்த்தை பேச விட்டாரா?