இருபத்து நான்குக்கு இருபத்திரண்டு

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கொசுவலையில் இருந்த கிழிசலை அடைத்தது. நான் வலையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன், அம்மா தைத்தாள். அவள் கை வேலையாக இருந்ததால் கேள்விகளை நானே படித்து, சொன்ன பதிலை நானே குறித்தேன்.

சென்னையில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் புள்ளியியல் பார்ப்பது என் வேலை. குடல் அழற்சி உள்ளவர்கள் தங்கள் நோயை எவ்வளவு புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று அளக்க இருபத்து நான்கு கேள்விகள் தயாரித்திருந்தோம். சரி, தவறு, தெரியாது என்று மூன்றே பதில். தமிழ் புரிகிறதா என்று பார்க்க முதலில் அம்மாவிடம் கொண்டுவந்தேன். அம்மா பெயர் ஏலவார்குழலி. வயது ஐம்பத்தாறு. பெருங்குடலில் புண் வந்து பதினோரு வருடம்.

"இந்த நோய் மற்றவர்களுக்குத் தொற்றும்."

"தப்பு. தொத்தறதா இருந்தா உங்க பெரியத்தைக்கு எப்பவோ குடுத்திருப்பேன்."

"அம்மா, சரியா தவறான்னு மட்டும் சொல்லு."

"தவறுன்னு போட்டுக்கோ. அத்தைய எழுதாத."

"தொந்தரவு இல்லாத நாட்களிலும் மாத்திரையைத் தொடர வேண்டும்."

"சரி. இதெல்லாம் ஒரு கேள்வியா? கஷ்டமா கேளுமா."

இருபத்திரண்டு சரியாக இருந்தது. பத்தாவது வரை படித்தவள். அந்தப் படிப்புக்குப் பதினான்கு வாங்கினாலே அதிகம் என்று எங்கள் பிரிவில் பேசிக்கொண்டிருந்தோம். பெருமையாகத்தான் சென்னைக்குப் பஸ் ஏறினேன்.

அம்மா பாவு புணைப்பவள். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. பழைய பாவு தீரும்போது, அதன் ஒவ்வொரு இழையின் நுனியோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். தறி இருக்கிற வீட்டுக்கே போய், காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழ முடியும். அவளுக்கோ வயிறு எப்போது கலக்கும் என்று தெரியாது. அடுத்தவர் வீட்டில் கழிப்பறை எங்கே என்று கேட்கக் கூச்சம்.

கல்யாணங்களில் மணமக்களைப் பார்த்துவிட்டுப் பந்திக்கு முன்பே வந்துவிடுவாள். கருட சேவைக்கு ஊரே தெருவில் நிற்கும்போது பிள்ளையார்பாளையத்தில் எங்கள் கதவு சாத்தியிருக்கும். அப்பா இறந்த பிறகு அந்த ஒற்றை அறையில் தனியாகத்தான் இருந்தாள். என்னோடு வா என்றால், "உன் ஹாஸ்டல்ல எத்தினி பேருக்கு ஒரு பாத்ரூம்?" என்பாள். அதற்கு மேல் பேச்சு போகாது.

கொசுவலை தைத்த ஏழாவது வாரம் ரத்தப்போக்கோடு மருத்துவமனையில் சேர்த்தோம். குடல் வீங்கியிருந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. ஒன்பதாம் நாள் இறந்தாள்.

காரியத்துக்குக் கிருஷ்ணம்மாள் வந்திருந்தார். அவர் வீட்டில் மூன்று தறிகள். அம்மா அதிகம் போன வீடு அதுதான்.

"எங்க வூட்டுல ஒரு வாய் காப்பி குடிச்சதில்லமா உங்கம்மா. காலைல வந்து குந்தினா எழுந்து போற வரைக்கும் பட்டினிதான்."

"மாத்திரை போட்டுக்கிட்டாங்களா?"

"பையில கொண்டாரும், அப்பிடியே எடுத்துக்கினு பூடும். போட்டுக்கோ குழலின்னா, 'சாப்புட்டப்பறம்னு எழுதியிருக்குதுக்கா, நான் எங்க சாப்புட்டேன்?'னு சிரிக்கும். படிச்ச பொண்ணோட அம்மா, சரியாத்தான் சொல்லும்னு நானும் வுட்டுட்டேன்."

வேலைக்குப் போன நாட்களை அம்மா காலண்டரில் புள்ளி வைத்துக் குறிப்பாள். கடைசி மூன்று மாதங்களில் நாற்பத்தொரு புள்ளிகள். காலையும் மதியமும் விட்டிருந்தால் எண்பத்திரண்டு மாத்திரை மிஞ்சியிருக்க வேண்டும். பீரோவில் எண்பது இருந்தது.

என்னிடம் அவள் பொய் சொல்லவில்லை. மாத்திரையைத் தொடர வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும் என்றும் தெரியும். சாப்பிடாத நாளில் என்ன செய்வீர்கள் என்று எங்கள் தாள் கேட்கவில்லை. அவள் பட்டினி கிடப்பது தெரியாமல், மகளாக நானும் கேட்கவில்லை.

அவளைப் பார்த்துவந்த டாக்டரிடம் போனேன். அவளுக்குக் கொடுத்த மாத்திரையை வெறும் வயிற்றிலும் போடலாம், விடுவதுதான் கூடாது என்றார். அதனால்தான் இறந்தாளா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். இல்லை என்றும் சொல்லவில்லை.

திரும்பி வந்து அவளுடைய ஃபைலைப் புரட்டினேன். கடைசித் தாளின் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தாள்: "வியாழன் போகும்போது கேக்கணும். சாப்பிடாத அன்னிக்கு மாத்திரை போடலாமா."

தாளின் முன்பக்கம் அடுத்து வரச் சொல்லியிருந்த தேதி, கொசுவலை தைத்ததற்கு அடுத்த வியாழன். எனக்கு நினைவிருக்கிறது. அன்று முசரவாக்கத்தில் பாவு புணைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். டாக்டரை அடுத்த தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று போனில் சொன்னாள். சரி என்றேன்.